ஒரு முட்டையும் கொஞ்சம் பாம்பு விஷமும்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். வடக்கு இத்தாலியில், டூரின் நகரத்துக்கு வெளியே குன்றுகளின் நடுவே இருந்த பண்ணை வீடுகளுக்கு ஒரு பெண்மணி சைக்கிளில் வந்து முட்டை கேட்பார். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டும் என்பார். போகிற போக்கில், உங்கள் கோழிகளோடு சேவல் இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி கேட்பார். சேவலோடு சேர்ந்த கோழி இட்ட முட்டையில்தான் சத்து அதிகம் என்று விளக்கமும் கொடுப்பார்.

உண்மையில் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. குழந்தையும் கிடையாது. அவருக்கு வேண்டியது கரு கட்டிய முட்டை. அதை வீட்டுக்கு எடுத்துப் போய், ஓட்டில் சின்னதாக ஜன்னல் போல் திறந்து, உள்ளே இருக்கும் கருவின் இறக்கை முளையைத் தையல் ஊசியைத் தீட்டிச் செய்த கத்தியால் வெட்டி எடுப்பார். சில நாள் கழித்து கருவை எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். மிச்சமிருக்கும் முட்டை வீணாகாது. போர்க்காலப் பஞ்சம் அல்லவா? குடும்பமே அதைப் பொரித்துச் சாப்பிடும். அவருடைய அண்ணன் ஜீனோவுக்கு அந்தப் பொரியல் ரொம்பப் பிடிக்குமாம். முட்டை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த நாளோடு சரி, அதற்கப்புறம் தொடவே இல்லை!

அந்தப் பெண்மணியின் பெயர் ரீட்டா லெவி-மொண்டால்சினி. அந்த முட்டைகளில் தொடங்கிய விஷயத்துக்குத்தான் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்புகள் எப்படி உயிரோடு இருக்கின்றன, ஏன் சாகின்றன என்ற கேள்விக்கான பதிலின் முதல் வரி அங்கேதான் எழுதப்பட்டது.

படுக்கையறை லேப்

ரீட்டா 1909-ல் டூரினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கூடவே பிறந்த இரட்டைச் சகோதரி பாவ்லா பின்னாளில் ஓவியர் ஆனார். அப்பாவுக்குப் பெண் பிள்ளைகள் மேற்படிப்பு படிப்பதில் விருப்பம் இல்லை. படித்தால் மனைவியாக, தாயாக இருப்பதற்கு அது இடைஞ்சல் என்பது அவர் எண்ணம். வீட்டில் எல்லோரையும் வளர்த்த ஜொவான்னா என்ற பணிப்பெண் வயிற்றுப் புற்றுநோயில் இறந்ததும், ரீட்டா டாக்டருக்குப் படிப்பது என்று முடிவு செய்தார். அப்போது வயது 20. அப்பாவைச் சம்மதிக்க வைத்து, லத்தீன், கிரேக்கம், கணக்கு என்று விட்டுப்போன பாடங்களை எட்டே மாதத்தில் படித்து முடித்து, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-ல் பட்டம். அவருடைய பேராசிரியர் ஜுசெப்பே லெவி. (பெயர் ஒன்றுதான், உறவில்லை.) அந்தப் பேராசிரியரிடம் படித்த மாணவர்களில் ரீட்டாவையும் சேர்த்து மூன்று பேர் பின்னாளில் நோபல் வாங்கினார்கள். மற்ற இருவர் சால்வடோர் லூரியா (1969), ரெனாட்டோ டுல்பெக்கோ (1975).

1938-ல் முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டு வந்தது. யூதர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. ரீட்டாவின் வேலை போயிற்று. கொஞ்ச காலம் பெல்ஜியத்தில் ஆராய்ச்சி செய்தார். ஜெர்மன் படைகள் அங்கே நுழைவதற்குச் சற்று முன்னால் வீடு திரும்பினார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. தன் படுக்கையறையையே லேப் ஆக்கிக்கொண்டார். ஒரு மைக்ராஸ்கோப், முட்டைக்குச் சூடு கொடுக்க ஒரு பெட்டி, ஊசிகள், சின்ன இடுக்கிகள். இவ்வளவுதான் சாமான். அதே சட்டத்தால் வேலை இழந்த பேராசிரியர் லெவியும் வந்து சேர்ந்துகொண்டார். வாத்தியாரே மாணவியின் படுக்கையறையில் உதவியாளர்!

டூரின் மீது குண்டு விழும் இரவுகளில் ரீட்டா மைக்ராஸ்கோப்பையும் கண்ணாடிச் சில்லுகளையும் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடுவார். குண்டுவீச்சு அதிகமானதும் குடும்பம் கிராமத்து வீட்டுக்கு மாறியது. அங்கே ஒரு மூலையில் மேஜை போட்டு வேலை தொடர்ந்தது. முட்டை கேட்டுப் போன சைக்கிள் பயணங்கள் அந்தக் காலத்துச் சமாச்சாரம்.

இத்தனை ஆபத்துக்கு நடுவே கோழிக்கருவின் இறக்கையில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரே முடிவு, இரண்டு விளக்கம்

அமெரிக்காவில் விக்டர் ஹாம்பர்கர் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். ஜெர்மானியர். 1932-ல் உதவித்தொகையில் அமெரிக்கா போனவர், அடுத்த வருடம் நாஜிகள் யூதர்களை வேலையிலிருந்து நீக்கியதால் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். 1934-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கோழிக்கருவின் இறக்கை முளையை ஆரம்பத்திலேயே வெட்டிவிட்டால், அந்த இறக்கைக்குப் போக வேண்டிய நரம்பு செல்கள் தண்டுவடத்தில் மிகக் குறைவாகவே இருக்கின்றன என்பது அவர் கண்டது.

ஏன் குறைகிறது? ஹாம்பர்கரின் விளக்கம் இது. இறக்கையிலிருந்து ஏதோ ஒரு தகவல் தண்டுவடத்துக்குப் போகிறது. அந்தத் தகவல்தான் அங்கிருக்கும் இளம் செல்களை "நரம்பு செல்லாக மாறு" என்று தூண்டுகிறது. இறக்கை இல்லை என்றால் தூண்டுதல் இல்லை. ஆகவே நரம்பு செல்கள் பிறப்பதே இல்லை.

1940-ல் அந்தக் கட்டுரை ரீட்டா கையில் கிடைத்தது. அவர் அதே பரிசோதனையைச் செய்தார், ஆனால் ஒரு வித்தியாசம். கடைசியில் என்ன மிச்சம் என்று மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் கருவை எடுத்து, வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த கதை வேறு. நரம்பு செல்கள் பிறக்கின்றன. சரியாக வளர்கின்றன. கிளை நீட்டி, இறக்கை இருக்க வேண்டிய இடத்தை நோக்கிப் புறப்பட்டும் விடுகின்றன. போய்ச் சேர இடம் இல்லை என்றதும் சாகின்றன.

பிறக்காமல் இருப்பது வேறு, பிறந்து சாவது வேறு. மைக்ராஸ்கோப்பின் கீழே கடைசியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் இரண்டாவது உண்மை என்றால் அடுத்த கேள்வி உடனே வருகிறது. போய்ச் சேர்ந்திருந்தால் அங்கே என்ன கிடைத்திருக்கும்? எதைச் சாப்பிட்டு உயிர் பிழைத்திருக்கும்?

யூதர்கள் இத்தாலியப் பத்திரிகைகளில் எழுத முடியாது என்பதால் இந்த முடிவுகள் பெல்ஜியத்தில் வெளியாயின. 1943 செப்டம்பரில் ஜெர்மன் படைகள் இத்தாலிக்குள் வந்ததும் குடும்பம் பொய்ப் பெயரில் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் ஒளிந்து வாழ்ந்தது. அந்நகரம் விடுதலை ஆன பிறகு ரீட்டா அகதி முகாமில் டாக்டராக வேலை பார்த்தார். தொற்றுநோயில் சாகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்த பிறகு, நோயாளியிடமிருந்து மனதளவில் விலகி நிற்கத் தன்னால் முடியாது, இந்தத் தொழில் தனக்கு ஒத்துவராது என்ற முடிவுக்கு வந்தார்.

போர் முடிந்த பிறகு, பெல்ஜியத்தில் வெளியான கட்டுரையைப் படித்திருந்த ஹாம்பர்கரிடமிருந்து கடிதம் வந்தது. தன் விளக்கம் தப்பு என்று சொன்ன பெண்ணை, வந்து என்னோடு சேர்ந்து பாருங்கள் என்று அழைத்தார் அந்த மனிதர். 1947-ல் ரீட்டா செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒரு சில மாதங்கள் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். தங்கியது ஏறக்குறைய முப்பது வருடம்.

இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். ரீட்டா சொன்னதுதான் சரி. அது மட்டுமல்ல, யாரும் எதையும் வெட்டாத ஆரோக்கியமான கருவிலும் நரம்பு செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. போர்க்களத்தில் பிணங்களை அப்புறப்படுத்துவது மாதிரி, வேறு செல்கள் வந்து அவற்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. போரை நேரில் பார்த்தவர் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரியும்.

எலியோடு ஒரு விமானப் பயணம்

1948-ல் எல்மர் பியூக்கர் என்பவர் ஒரு விசித்திரமான பரிசோதனை செய்தார். எலியின் புற்றுநோய்க் கட்டியைக் கோழிக்கருவில் ஒட்டினார். கருவின் நரம்புகள் அந்தக் கட்டிக்குள் புகுந்து வளர்ந்தன. வேகமாக வளரும் திசு என்பதால் நரம்பும் வளர்கிறது போலும் என்று அவர் நினைத்தார்.

ரீட்டா அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது நரம்புகளின் போக்கே வேறாக இருந்தது. அளவுக்கு மீறி வளர்ந்திருந்தன. கட்டிக்குள் மட்டும் இல்லை, போகவே கூடாத இரத்தக் குழாய்களுக்குள்ளும் நுழைந்திருந்தன. கட்டியைக் கருவோடு நேரடியாகத் தொடாமல், கருவுக்கு வெளியே இருக்கும் சவ்வின் மேல் வைத்துப் பார்த்தார். அப்போதும் அதே வளர்ச்சி. ஆக, கட்டி எதையோ இரத்தத்தில் கலக்கிறது. அந்த 'எதையோ' தான் இனித் தேட வேண்டியது.

அதைச் சுலபமாகச் சோதிக்கத் திசு வளர்ப்பு முறை வேண்டும். அந்த வித்தை தெரிந்த தோழி ஹெர்தா மேயர் பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவில் இருந்தார். 1952-ல் ரீட்டா விமானம் ஏறினார். கைச்சாமானோடு சாமானாகக் கட்டி வளர்ந்த இரண்டு எலிகளும் பயணம் செய்தன. (இன்றைய விமான நிலையத்தில் நடக்குமா?)

அங்கே கண்ணாடித் தட்டில் ஒரு பக்கம் கோழிக்கருவின் நரம்பு முடிச்சு, பக்கத்தில் கட்டியின் ஒரு துண்டு. ஒரே நாளில் நரம்பு முடிச்சைச் சுற்றி எல்லாத் திசையிலும் இழைகள் கிளம்பின. படத்தில் சாமி தலைக்குப் பின்னால் போடுவார்களே, அந்த ஒளிவட்டம் மாதிரி! ரீட்டா அதைக் கடிதங்களில் படம் வரைந்து ஹாம்பர்கருக்கு அனுப்பினார்.

1953-ல் ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியல்காரர் வந்து சேர்ந்தார். அந்தப் பொருள் என்ன என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. புரதமா, நியூக்ளிக் அமிலமா? தீர்மானிக்க ஒரு வழி இருந்தது. பாம்பு விஷத்தில் நியூக்ளிக் அமிலத்தை உடைக்கும் என்சைம் உண்டு. அதைக் கலந்த பிறகு வளர்ச்சி நின்றுவிட்டால் நியூக்ளிக் அமிலம், நிற்காவிட்டால் புரதம். கலந்தார்கள். நிற்கவும் இல்லை, முன்பு போல் இருக்கவும் இல்லை. ஒளிவட்டம் பலமடங்கு அடர்த்தியாகிவிட்டது! வெறும் விஷத்தை மட்டும் வைத்தாலும் அதே கதைதான். கட்டியில் இருந்ததை விடப் பல மடங்கு அதிகமாக அந்தப் பொருள் விஷத்திலேயே இருந்தது.

இங்கேதான் கோஹனின் மூளை வேலை செய்தது. பாம்பின் விஷப்பை என்பது உமிழ்நீர்ச் சுரப்பி மாதிரியானதுதான். அப்படியென்றால் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் பார்த்தால் என்ன? பார்த்தார். வளர்ந்த ஆண் எலியின் சுரப்பியில் கொட்டிக் கிடந்தது. அது புரதம்தான் என்றும் உறுதியானது. பெயர் 'நரம்பு வளர்ச்சிக் காரணி', சுருக்கமாக என்.ஜி.எஃப். 1971-ல் அதன் அமைப்பு முழுதாகத் தெரிந்தது. 118 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, இரண்டு இரண்டாகச் சேர்ந்து வேலை செய்யும்.

சீட் கம்மி, விண்ணப்பம் அதிகம்

இந்தப் புரதம் செய்யும் வேலை என்ன?

கரு வளரும்போது நரம்பு செல்கள் தேவைக்கு மேல் நிறையவே உண்டாகின்றன. பல இடங்களில் ஏறக்குறைய பாதி செத்துப் போகும். காலேஜ் சீட் மாதிரிதான். விண்ணப்பம் அதிகம், இடம் குறைவு. தோலோ, இரத்தக் குழாயோ, வியர்வைச் சுரப்பியோ, நரம்பு போய்ச் சேர வேண்டிய இடம் எதுவானாலும் கொஞ்சம்போலத்தான் இந்தப் புரதத்தைச் சுரக்கும். சரியான இடத்துக்கு வந்து சேர்ந்த நரம்பு இழையின் நுனியில் 'டிஆர்கே-ஏ' என்ற ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததைச் சின்னக் குமிழுக்குள் வைத்து, இழை வழியாகப் பின்னோக்கி, செல்லின் நடுப்பகுதி வரைக்கும் கொண்டு சேர்க்கும். காலில் இருக்கும் தோலிலிருந்து முதுகெலும்பின் ஓரம் வரைக்கும் போக வேண்டும். பெரியவர்களுக்கு அது ஒரு மீட்டர் அளவு தூரம்! அங்கே போய்ச் சேரும் செய்தி இதுதான்: சாகாதே.

செய்தி வராவிட்டால் அந்த செல் பட்டினியில் மெலிந்து சாவதில்லை. தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒவ்வொரு செல்லிலும் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஏற்பாட்டைத் தடுத்துப் பிடித்திருப்பதுதான் என்.ஜி.எஃப். நரம்பைப் பொறுத்தவரை சாவுதான் வழக்கம், பிழைப்புக்குத்தான் அனுமதி வாங்க வேண்டும்.

இதை ரீட்டாவும் கோஹனும் 1960-ல் பளிச்சென்று காட்டினார்கள். என்.ஜி.எஃப்.-ஐப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். இதயத்துடிப்பு, இரத்தக் குழாய் போன்றவற்றைக் கவனிக்கும் பரிவு நரம்பு முடிச்சுகள் அநேகமாகக் காணாமலே போயின. ஒரே ஒரு புரதம் இல்லை, ஒரு நரம்பு மண்டலமே இல்லை.

பிறகு இந்தக் குடும்பத்தில் இன்னும் சில உறுப்பினர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 1982-ல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பி.டி.என்.எஃப். அதில் முக்கியமானது. நினைவுக்கும் கற்றலுக்கும் அது வேண்டும். 2001-ல் இன்னொரு வேடிக்கை தெரிய வந்தது. என்.ஜி.எஃப். முதலில் நீளமான புரதமாக உண்டாகி, பிறகு வெட்டுப்பட்டுத்தான் இறுதி வடிவம் பெறும். வெட்டுப்படாத அந்த நீளமான வடிவம் வேறொரு ஏற்பியில் போய் ஒட்டி, செல்லைச் சாகச் சொல்கிறது! அதே புரதம்தான். வெட்டினால் வாழ்த்து, வெட்டாவிட்டால் சாபம்.

வலிக்காத குழந்தை

இதெல்லாம் கோழி, எலி சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். உலகில் மிக அபூர்வமாகச் சில குழந்தைகள் வலியே தெரியாமல் பிறக்கின்றன. பல் முளைத்ததும் தன் நாக்கையும் விரலையும் தானே கடித்துக் காயப்படுத்திக்கொள்ளும். எலும்பு முறிந்தாலும் அழாது. வியர்வையும் வராது. அதனால் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் காரணம் தெரியாத காய்ச்சல் வந்து வந்து போகும். அந்தச் சூடே உயிருக்கு ஆபத்தாகும்.

வலிக்கும் வியர்வைக்கும் என்ன சம்பந்தம்? 1996-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். 'டிஆர்கே-ஏ' ஏற்பியை உண்டாக்கும் மரபணுவில் கோளாறு. வலியை உணரும் நரம்புகளும், வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்புகளும் என்.ஜி.எஃப்.-ஐ நம்பிப் பிழைப்பவை. செய்தி வருகிறது, வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. எனவே அந்த நரம்புகள் கருவிலேயே செத்துவிடுகின்றன. தொட்டால் தெரியும், ஏனென்றால் தொடுவுணர்ச்சி நரம்புகள் வேறு காரணிகளை நம்பி வாழ்பவை. ஆனால் சுட்டால் தெரியாது.

வலி இல்லாத வாழ்க்கை வரம் என்று தோன்றும். அந்தக் குழந்தைகளின் பெற்றோரைக் கேட்டால் தெரியும். கொதிக்கிற பால் டம்ளரை எப்போது எடுத்துவிடுமோ, ராத்திரி தூக்கத்தில் எப்போது விரலைக் கடித்துவிடுமோ என்று ஒவ்வொரு நிமிடமும் கண் விழித்துக் காவல் காக்க வேண்டும். உடம்பு செய்ய வேண்டிய காவலை அம்மா செய்கிறார்.

2004-ல் வடக்கு ஸ்வீடனில் ஒரு பெரிய குடும்பத்தில் இதற்குச் சொந்தக்காரக் கோளாறு ஒன்று கண்டறியப்பட்டது. இங்கே ஏற்பி சரியாக இருந்தது, என்.ஜி.எஃப். மரபணுவிலேயே பிழை. ஆழமான வலி அவர்களுக்குத் தெரியவில்லை. விளைவு, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் மூட்டுகள் இளம் வயதிலேயே சிதைந்துபோயின. வலி சொல்லித்தான் காலை மாற்றி வைக்கிறோம், உட்கார்கிறோம், ஓய்வு கொடுக்கிறோம். சொல்ல ஆள் இல்லாத மூட்டு தேய்ந்துகொண்டே போகும்.

இந்த மூட்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

மருந்தாக்கினால் என்ன?

நரம்பை வாழ வைக்கும் புரதம் கையில் இருக்கிறது. நரம்பு சாகும் நோய்களோ ஏராளம். ஊசியில் ஏற்றிப் போட்டுவிட்டால் முடிந்தது அல்லவா? பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

முதலில் அல்சைமர். நினைவுக்கு முக்கியமான ஒருவகை மூளை செல்கள் என்.ஜி.எஃப்.-ஐ நம்பி இருப்பவை, இந்த நோயில் அவை நலிகின்றன. ஆனால் இந்தப் புரதம் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. எனவே 1990-களில் ஸ்வீடனில் மூன்று நோயாளிகளுக்கு மூளையின் திரவ அறைக்குள் குழாய் வைத்து நேரடியாகச் செலுத்திப் பார்த்தார்கள். முதுகுவலி வந்தது, எடை குறைந்தது. தொடர முடியவில்லை. 2001-ல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சையாக, எட்டு நோயாளிகளின் சொந்தத் தோல் செல்களையே என்.ஜி.எஃப். சுரக்கும்படி மாற்றி மூளையில் வைத்தார்கள். ஆரம்பம் நம்பிக்கையாக இருந்தது. பிறகு வைரஸ் மூலம் மரபணுவைச் செலுத்தி 49 பேரிடம் முறையாகச் சோதித்தபோது பலன் தெரியவில்லை என்று 2018-ல் அறிவித்தார்கள். இறந்த நோயாளிகளின் மூளையைப் பிறகு ஆராய்ந்ததில், மருந்து போய்ச் சேர வேண்டிய செல்களுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது தெரிந்தது. கடிதம் எழுதப்பட்டது, விலாசத்துக்குப் போகவில்லை.

அடுத்தது சர்க்கரை நோய். கால் மரத்துப்போகும் நோயாளிகள் 1,000 பேருக்கு மேல் பங்கெடுத்த பெரிய சோதனை. 2000-ல் முடிவு வெளியானது. பலன் இல்லை. ஊசி போட்ட இடத்தில் வலி மட்டும் மிச்சம்.

எங்கே கொடுத்தாலும் ஏன் வலி? வளர்ந்த உடம்பில் என்.ஜி.எஃப்.-க்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. அடிபட்ட இடத்திலும் வீங்கிய இடத்திலும் அது அதிகமாகச் சுரந்து, வலி நரம்புகளைக் கூர்மையாக்குகிறது. மிளகாய்க் காரத்தையும் சூட்டையும் உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. (அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல்.) என்.ஜி.எஃப். அதை உசுப்பிவிடும். காயம் பட்ட இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறதே, அதில் இதன் பங்கு உண்டு.

அப்படியென்றால் திருப்பிப் போட்டால் என்ன? என்.ஜி.எஃப்.-ஐத் தடுத்தால் வலி போகுமே! தனெசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து உருவானது. மூட்டுவலிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வலி குறைந்தது, நிஜமாகவே. ஆனால் சிலருக்கு மூட்டு அசாதாரண வேகத்தில் சிதைந்தது. 2010-ல் சோதனைகள் நிறுத்தப்பட்டு, பின்னர் கட்டுப்பாடுகளோடு தொடர்ந்தன. 2021 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசகர்கள் 19-க்கு 1 என்ற கணக்கில் எதிராக வாக்களித்தார்கள். அதே வருடம் மருந்து கைவிடப்பட்டது. சிதைவுக்கான துல்லியமான காரணம் பற்றி இன்னும் விவாதம் உண்டு. ஆனால் அந்த ஸ்வீடன் குடும்பத்தின் மூட்டுகளை நினைக்காமல் இருக்க முடியுமா?

கூட்டினாலும் ஆபத்து, குறைத்தாலும் ஆபத்து. அப்படியானால் இந்தப் புரதத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லையா?

ஒன்று இருக்கிறது. கண்ணின் கார்னியாவுக்கு நரம்புகள் மிக அதிகம். அந்த நரம்புகள் செத்துப்போனால் கண் கூசாது, உறுத்தாது. ஆனால் மேற்பரப்பு ஆறாமல் புண்ணாகி, பார்வையே போகலாம். இதற்கு என்.ஜி.எஃப்.-ஐச் சொட்டு மருந்தாகக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஆறு முறை, எட்டு வாரம். பலருக்குப் புண் ஆறியது. செனெஜெர்மின் என்ற அந்த மருந்து 2017-ல் ஐரோப்பாவிலும் 2018-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. தயாரித்தது ஓர் இத்தாலிய நிறுவனம்! அதிகமாகச் சொல்லப்படும் பக்கவிளைவு என்ன தெரியுமா? கண்வலி. இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

மூளையிலும் இரத்தத்திலும் தோற்ற மருந்து கண்ணில் ஏன் ஜெயித்தது? வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு, நேராகப் போய்ச் சேர்ந்தது. கருவில் தோல் செய்வதும் அதுதானே. தாராளமாக வாரி இறைப்பதில்லை. வந்து சேர்ந்தவனுக்குக் கொஞ்சம் கொடுக்கிறது, அதையும் தினம் தினம் கொடுக்கிறது.

கடைசியாக

1986-ல் ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கேள்வியை முதலில் எழுப்பிய ஹாம்பர்கருக்கு இல்லை. இது நியாயமா என்று அறிவியல் உலகில் அப்போதே பேச்சு எழுந்தது. தன்னைத் திருத்திய பெண்ணைக் கூப்பிட்டு இடம் கொடுத்தவர் அவர். அந்த அழைப்பு இல்லாமல் எலியும் இல்லை, பாம்பு விஷமும் இல்லை. அவர் 2001-ல், நூறு வயதில் காலமானார். அதே 2001-ல் ரீட்டாவை இத்தாலி அரசு ஆயுட்கால செனட்டர் ஆக்கியது. யூதர் என்பதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து விரட்டிய அதே நாடு! தொண்ணூறைத் தாண்டியும் அவர் ரோமில் மூளை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை உருவாக்கினார். 2012 டிசம்பர் 30-ம் தேதி இறக்கும்போது வயது 103.

வேலை போய், பெயரை மறைத்து, குண்டுக்குப் பயந்து ஓடிய வருடங்களில் ரீட்டா தேடியது ஒரே ஒரு விஷயம்: ஒரு செல் ஏன் சாகாமல் இருக்கிறது? கிடைத்த பதில் எளிமையானது. எங்கோ தொலைவில், இழையின் மறுமுனையில், அது வேண்டும் என்று யாரோ விடாமல் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்த தடவை அவசரத்தில் சூடான காபி குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டால், திட்டிவிட்டு அப்புறம் கொஞ்சம் சந்தோஷப்படுங்கள். அந்த நரம்புகளுக்குப் பல வருடம் முன்னால், நீங்கள் பிறப்பதற்கும் முன்பே, கடிதம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது.